மாதச் சுழற்சியும் இயக்குநீர்களும்

பூத்தல் என்னும் வினையினின்று பிறந்த 'பூப்பு' என்னும் சொல்லால் பெண்ணின் உடல்மாற்றத்தைக் குறித்தனர் நம் முன்னோர். பூப்பு நிகழ்ந்தபின் பன்னிரு நாட்கள் தலைவன் தலைவியைப் பிரிந்துறைதல் ஆகாது எனத் தொல்காப்பியக் கற்பியல் கூறும். அது கரு வாய்க்கும் காலம் என்பர் உரையாசிரியர். இலக்கணம் வெளிப்படப் பேசிய பொருளை இன்று நாம் பேசக் கூசுகின்றோம்.

எம் மாணவி ஒருத்தி நான்கு திங்களாக மாதவிடாய் வாராமையை எவரிடமும் கூறாது மறைத்திருந்தாள். வினவியபோது, "வெளியே தெரிந்தால் கல்யாணம் தடைப்படும், மேடம்" என்று அழுதாள். அவள் அச்சம் அறியாமையில் விளைந்தது. ஆதலின் இதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இயக்குநீர் என்பது யாது?

நாளமில்லாச் சுரப்பிகள் நேரே குருதியில் கலக்கும் நீர்களே இயக்குநீர்கள். தூண்டுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று 'ஹார்மோன்' என்னும் பெயரை 1905-ஆம் ஆண்டு வழங்கியவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் ஆவார்.

சுழற்சி நிகழும் முறை

மூளையின் அடியிலுள்ள ஹைபோதாலமஸ் விட்டுவிட்டுச் சுரக்கும் நீர், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி சுரக்கும் எஃப்.எஸ்.எச்., சூலகத்தில் முட்டை தங்கிய நுண்பைகளை வளர்க்கும். வளரும் நுண்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க, கருப்பையின் உட்சவ்வு தடிக்கும். ஈஸ்ட்ரோஜன் முதற்கண் பிட்யூட்டரியை அடக்கி வைக்கும்; மிகுந்து ஏறத்தாழ இரு நாட்கள் நிலைத்தவிடத்து அதுவே தூண்டுகோலாய் மாறும். அப்போது எல்.எச். என்னும் மற்றோர் இயக்குநீர் திடுமெனப் பெருக, அது பெருகத் தொடங்கிய ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை வெளிப்படும்.

முட்டையை விடுத்த நுண்பை மஞ்சள் உடலமாகிப் புரோஜெஸ்டிரோனைச் சுரந்து, கருவை ஏற்க உட்சவ்வை ஆயத்தப்படுத்தும். கரு அமையாவிடில் ஏறத்தாழ 14 நாட்களில் மஞ்சள் உடலம் சுருங்கும், இயக்குநீர்கள் குறையும், உட்சவ்வு குருதியோடு வெளியேறும். எனவே, மாதவிடாய் என்பது உடலின் அழுக்கு இறங்குதல் அன்று; விருந்தினர் வாராமையால் விரித்த பாயைச் சுருட்டுதல் போன்றதே.

சுழற்சி பிறழ்தல்

28 நாள் என்பது சராசரிக் கணக்கே. வளர்ந்த பெண்டிர்க்கு 21 முதல் 35 நாள் வரை இயல்பானதே. மிகுந்த மனஅழுத்தம், உடல்மெலிவு, தைராய்டுக் குறை ஆகியன மூளையின் ஆணையையே குலைக்கும். எம் மாணவிக்கு இருந்தது தைராய்டுக் குறையே. தாய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மாத்திரைகளால் சில திங்களில் சுழற்சி சீர்ப்பட்டது.

மூன்று திங்கள் மாதவிடாய் வாராவிடின், முதலில் கருவுற்றமை அன்றென உறுதிசெய்து, மருத்துவரை நாடுதல் வேண்டும். மகளிர் வாய்திறந்து சொல்வாராக! வீட்டுப் பெரியோர் முகஞ்சுளியாது கேட்பாராக!