விலையில்லா மென்பொருளும் பெயர்ப் பதிவும்

2004 ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26 ஆம் நாள் எழுந்த கடற்கோளின் பின், நம் நாட்டுக் கணினி வல்லுநர் பலர் ஊதியங் கருதாது கூடி மென்பொருள் ஒன்றை ஆக்கினர். அதன் பெயர் சகானா. நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற்போனோர் யாவர், எம்முகாமில் எத்தனை பேர் உளர், எந்தத் தொண்டு நிறுவனம் எங்கே பணிபுரிகின்றது என்பவற்றை அஃது ஒருங்கே காட்டும். எவரும் விலையின்றிப் பெறலாம். பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். தம் தேவைக்கேற்பத் திருத்தலாம். 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது.

ஆயினும், விலையில்லாதது மென்பொருளே. பயிற்சிக்கு நாளும் பொழுதும் செலவாகும். பெயர்ப் பதிவையே எடுத்துக்கொள்வோம். சண்முகம் என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒருவாறும் மற்றவர் வேறுவாறும் எழுதுவர். (நம் மாணவர் சிலர் தமிழிலேயே இருவாறு எழுதுவது வேறு கதை!) தந்தை பெயரையும் ஊரையும் உடன் பதியவும், ஒலி ஒத்த பெயர்களையும் தேடவும் தொண்டர்க்குக் கற்பித்தல் வேண்டும். இன்றேல், மகனின் பெயர் பதிவேட்டில் இருந்தும் தாய் அவனைக் காணாது அடுத்த முகாமுக்கு நடப்பாள்.

வெள்ளம் புகுந்தபின் வகுப்பு நடத்த நேரமேது? மாரி தொடங்குமுன்னரே, நிறுவனத்துக்கு இருவரையேனும் பழக்கிவைத்தல் நன்று. ஒருவர் வேலை மாறிச் சென்றாலும் மற்றவர் இருப்பார்.