ஒரே பக்கம், ஒரே அளவுகோல்

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் தலைமையகம் கொண்ட ஐரோப்பிய இடைக்கால வானிலை முன்கணிப்பு மையம், 1992 முதல், தொடக்கநிலையைச் சிறிது சிறிது மாற்றி ஒரே நாளுக்குப் பல முன்கணிப்புகளைக் கணித்து வருகின்றது. அம்மையம் வழங்கும் 'மெட்வியூ' என்னும் மென்பொருளால் அவற்றைச் சிறு படங்களாக்கி ஒரே பக்கத்தில் அடுக்கலாம்.

ஆனால், நிற எல்லைகளை நாம் வகுக்காவிடின், ஒவ்வொரு படமும் தன்னிடமுள்ள மிகக் குறைந்த, மிக உயர்ந்த அளவுகளுக்கேற்பவே நிறம் பெறும். ஒரு படத்தில் 20 மில்லிமீட்டர் மழையைக் காட்டும் கருநீலம், அடுத்த படத்தில் 100 மில்லிமீட்டரைக் காட்டக்கூடும். சிறுமழையும் பெருமழையும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். வெள்ள எச்சரிக்கையே தவறிப்போகலாம்.

ஆதலின் நான் வற்புறுத்துவது இதுவே: எல்லாப் படங்களுக்கும் ஒரே எல்லைகளை வகுத்து, நிறவிளக்கத்தைப் பக்கத்தின் அடியில் ஒருமுறை மட்டும் இடுங்கள். ஒரே கோலால் அளந்தவற்றையே ஒப்பிடல் தகும்.