வெளியேற வழியில்லா இரும்பு

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்வோர் கண்ணில் படுவது இரும்பே. தகடாக வருவது மகிழுந்தாகப் புறப்படுகின்றது. மிஞ்சிய துண்டுகளைப் பழைய இரும்பு வணிகர் அள்ளிச் செல்வர். மனித உடலுக்கோ அவ்வசதி இல்லை.

நம் உடலிலுள்ள இரும்பு ஏறத்தாழ 3 முதல் 4 கிராம். குடல் நாள்தோறும் 1 முதல் 2 மில்லிகிராம் வரையே ஏற்கும். மிகுந்ததை வெளியேற்றத் தனி வழி இல்லாமையால், ஈரலில் சுரக்கும் ஹெப்சிடின் வாயிலிலேயே காவல் நிற்கின்றது. அக்காவல் பிறவியிலேயே தளர்ந்த நிலையே ஹீமோகுரோமடோசிஸ். அதற்குரிய முதன்மையான மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. வட ஐரோப்பியரிடம் மலிந்த அம்மரபணுப் பிழை இந்தியரிடம் மிக அரிது.

நம்மிடையே பெரிதும் அஞ்சத்தக்கது தலசீமியாவால் நேரும் இரும்பு மிகை. செவ்வணுக்கள் செவ்வனே உருவாகாத இக்குழந்தைகள் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிறர் குருதியைப் பெற்றே வாழ்கின்றனர். ஒவ்வொரு பை குருதியிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உண்டு. உயிர் காக்கும் அக்கொடையே ஈரலிலும் இதயத்திலும் நஞ்சாய்ப் படிகின்றது! அதனை நீக்க, வாரத்தில் ஐந்தாறு இரவுகள், எட்டு மணி நேரத்திற்கு மேல் தோலடியில் ஊசி வழியே டெஸ்பெரியாக்சமின் செலுத்த வேண்டியிருந்தது. உறங்கும் பிள்ளைக்கு நாள்தோறும் ஊசி குத்தும் தாயின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வாய்வழி உட்கொள்ளும் டெபெரிப்ரோன் 1990களின் நடுவில் உலகிலேயே முதலாவதாக இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. அமெரிக்கா ஒப்பியது 2011இல். திருப்பெரும்புதூரிலிருந்து அதே பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை அளித்து வருகின்றது. ஆயினும் அது எல்லார்க்கும் எட்டுவதன்று.

இந்நோயின் கூற்றைத் தாங்குவோர் நலமாகவே இருப்பர். சற்றே வெளிறித் தோன்றுவர். சோகை என்றெண்ணிச் சோதியாமலே இரும்பு டானிக் கொடுப்பது நம் வழக்கம்! தாங்குவோர் இருவர் மணந்தால் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய்க்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உறவில் மணம் முடிப்பது தமிழகத்தில் எல்லாச் சமூகத்தார்க்கும் பொது. இவ்வாலைகளுக்கு வரும் வங்க, அசாமிய இளைஞரிடையே இதனையொத்த ஹீமோகுளோபின் 'இ' குறைபாடும் பரவலாக உண்டு.

ஈரான் 1997இலும் சவூதி அரேபியா 2004இலும் மணத்துக்கு முந்திய குருதிச் சோதனையைக் கட்டாயமாக்கின. சவூதியில் முடிவு எதுவாயினும் மணப்பது அவரவர் விருப்பமே. நிச்சயம் பேசுமுன் ஹீமோகுளோபின் 'ஏ2' அளவைப் பார்த்துவரச் சொல்லுமாறு ஜமாஅத்துப் பெரியோரை வேண்டுகிறோம். முடிவு இரு குடும்பத்தாரிடையே மட்டும் இருக்கட்டும்.