எட்டாவது ஸ்டேஷனில் நீலி!

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. அடகுக்கடைக்குப் போய் ஆறு மாதமாகத் திரும்பாத வளையல் விஷயமாக வேப்பம்பட்டில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன மாநாடு. என் கட்சி பலவீனமாகிக்கொண்டே வந்தது. மனைவியின் கண்கள் கலங்கின. தோற்கிற புருஷன்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதத்தை நானும் எடுத்தேன்.

"போதும்மா... இந்த நீலிக்கண்ணீர் எல்லாம் வேண்டாம்!"

அழுகை டக்கென்று நின்றது. அப்படி நிற்பது நல்லதற்கில்லை என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

"நீலி யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஏதோ பேய்..."

"எங்க ஊருக்கு அடுத்த ஊர்ப் பேய்தான். அவ ஏன் அழுதாள்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து பேசுங்க."

அவளுக்குப் பிறந்த வீடு மணவூர். அதற்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. வேப்பம்பட்டிலிருந்து எண்ணினால் எட்டாவது. ஞாயிற்றுக்கிழமை காலை, அரக்கோணம் வண்டியில் ஜன்னலோர சீட்டே கிடைத்தது.

திருவாலங்காட்டை ஒட்டித்தான் பழையனூர். கதை நமக்கெல்லாம் அரைகுறையாகத் தெரிந்ததுதான். ஒரு வணிகன் அந்த வழியாக வருகிறான். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் புருஷன் என்னைக் கைவிட்டுட்டுப் போறாரே" என்று ஊர்ச் சபையில் அழுகிறாள் நீலி. 'ஐயோ, இது பேய்!' என்று அவன் கதறுகிறான். கொம்புக் குழந்தையோ 'அப்பா' என்று அவனிடம் தாவுகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எழுபது வேளாளர்கள் கூடி, "உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை" என்று வாக்குக் கொடுத்து, பாதுகாப்புக்கு அவன் வைத்திருந்த மந்திரக் கத்தியையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. போய் நின்றேன். உடம்பு லேசாகச் சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் பி.காம். கணக்குப் புத்தகத்தை நடுவில் திறந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓப்பனிங் பேலன்ஸ் எங்கே? போன பிறவியில் நீலி அவன் மனைவி. அவளைக் கொன்றவன் அவனேதான்! கதையில் இது இருக்கிறது. ஆனாலும் நாம் பழமொழிக்கு எடுத்துக்கொண்டது அவள் கண்ணீரை மட்டும். கொலையை யார் கணக்கிலும் எழுதவில்லை.

இதே திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையாரும் இருக்கிறார். புருஷன் விட்டுப் போனதும், இந்த உடம்பே வேண்டாம் என்று பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். அவர் நாயன்மார் வரிசையில். நீலி நம் வீட்டுச் சண்டையில். ஒரே ஊர், இரண்டு பேய்!

நீலிக்காக வாதாடியவர்களும் உண்டு. சமணர்கள். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி'யின் கதாநாயகி இதே பழையனூர் நீலிதான். பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்ற முனிவரைப் பயமுறுத்தப் போகிறாள். மனுஷன் அசையவில்லை. இளவரசி வேஷம் போட்டும் பலிக்கவில்லை. கடைசியில் அவருக்கே சிஷ்யையாகி, பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் என்று ஒருவர் விடாமல் வாதத்துக்கு இழுத்துத் தோற்கடிக்கிறாள். 'பேயாவது, பிசாசாவது' என்று சாதித்த பூதவாதியை மடக்கியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தன் பழைய உருவத்தைக் காட்டினாள், அவ்வளவுதான்!

நம் சினிமாவைக் கேட்டால் பேய் என்றால் 1978-ல் வந்த விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'. அடுப்பில் விறகுக்குப் பதில் காலை நீட்டுமே, அது. (கேஸ் விலைக்கு நல்ல யோசனைதான்.) மலையாளத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலியை 2025-ல் 'லோகா' படத்தில் சூப்பர் ஹீரோயினாகவே பறக்க விட்டுவிட்டார்கள். நம்ம நீலி, நம்ம லைன்... நாம் விட்டுவிட்டோம்.

சாயங்காலம் வீடு திரும்பினேன். மனைவி காபியை நீட்டினாள். அழுத சுவடே இல்லை.

"என்ன, விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன். தப்பு அவ மேல இல்லை."

"சரி, வளையல்?"

"சம்பளம் ஒண்ணாம் தேதி..."

"வாக்கா?"

எழுபது பேர் ஞாபகம் வந்தது. சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. காபியை ஆற்ற ஆரம்பித்தேன்.