சிக்குக் கோலத்தின் சந்தோஷம்

15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி. நடுவரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்தினால் மொத்தம் 169 புள்ளிகள் வரும். அத்தனையையும் இழை சுற்றி வர வேண்டும். எந்தப் புள்ளியும் வெளியே நிற்கக் கூடாது. மார்கழி விடியலில் எங்கள் ஊர்த் தெருவில் இவ்வளவு பெரிய கோலங்களைப் பார்த்து வளர்ந்தேன். பால்காரரின் சைக்கிள் அவற்றின்மேல் ஏறும். எறும்பும் அணிலும் வரும். மறுநாள் காலை விளக்குமாறு மிச்சத்தையும் கொண்டுபோய்விடும். போட்டவர் பெயரைக் கீழே எழுதும் வழக்கமெல்லாம் கிடையாது.

அந்தக் காலத்தை வெறும் ஏக்கத்தோடு சொல்ல எனக்கு மனமில்லை. கோலம் பெண்ணின் தலையில் கட்டிய வேலை. உடம்புக்கு முடியாத நாளிலும் பொழுது விடியுமுன் வாசல் தெளித்தாக வேண்டும். வாசல் வெறிச்சென்று கிடந்தால் ஊர்வாய் சும்மா இருக்காது. எதிர்வீட்டுக் கோலத்தை ஓரக்கண்ணால் அளக்கும் போட்டியும் இருந்தது. ஆனாலும், கடமைக்கு நாலு இழுப்பில் ஒரு நட்சத்திரம் போதுமே! 169 புள்ளி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த மிகுதி முழுக்க அவர்களுடைய சொந்த சந்தோஷம்.

என் அத்தை அதற்காகவே ஒரு நோட்டு வைத்திருந்தார். மார்கழி வந்தால் வாரப் பத்திரிகைகள் கோலப் புத்தகத்தை இணைப்பாகக் கொடுக்கும். அத்தை அதைப் புரட்டிவிட்டு வைத்துவிடுவார். மத்தியானம் உலை இறக்கிய பிறகு, கிழித்த தேதித்தாளின் பின்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்துத் தானே ஒன்றை முயல்வார். ஒரே இழையில் முடிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இழை புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமல் பாதியிலேயே தனி வளையமாக மூடிக்கொண்டால், ரப்பரால் அழித்து ஒரு வளைவை மட்டும் குறுக்கே வெட்டிக்கொள்ள விடுவார். இரண்டு வளையங்கள் அங்கே ஒன்றாகிவிடும். சரியாக வந்தது மட்டும் மையால் நோட்டில் ஏறும். அதை அவர் யாருக்கும் காட்டி நான் பார்த்ததில்லை.

இப்படி அடுப்படியில் வளர்ந்த அறிவைக் கணினி அறிவியல் பின்னால் வந்து படித்தது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்களை உருவாக்கும் விதிகளை இலக்கண முறையில் எழுதிக் காட்டியது. அந்தக் கோலங்களை முதலில் போட்டவர்கள் யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் என்பது கதவுக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே கிடைக்கும் இரண்டடி டைல்ஸ். பல வீடுகளில் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. பெரிய கோலங்கள் போட்டிக்குப் போய்விட்டன. சென்னை மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஜனவரியில் நடக்கும் கோலப் போட்டியைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். வயதானவர்களும் சின்னப் பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்திருப்பது நல்ல காட்சி.

செல்போன் செய்த மாற்றம்தான் என்னை உறுத்துகிறது. முன்பெல்லாம் கோலத்தை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்து போடுவார்கள். வீடியோ எடுக்க ஸ்டாண்டில் போன் நின்றால் அப்படி நடக்க முடியாது. உடம்பு சட்டத்துக்குள் வரக் கூடாது, கை இழையை மறைக்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் காட்ட வேண்டும் என்பதால் வளையலை வைத்துப் பொடி தூவி வட்டம், சீப்பை இழுத்து வரி என்று குறுக்குவழிகள் பெருகின. சிக்குக் கோலத்தில் ருசியே சிக்கிக்கொண்டு யோசிக்கும் அந்த நேரம்தான். வீடியோவில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு அது பெரிய நம்பிக்கை. கட்டாயம் போய்விட்டது. கோலம் போடாவிட்டால் இன்று பல வீடுகளில் ஏனென்று கேட்க ஆளில்லை. ஆகவே இப்போது ஒருத்தி பொடியை எடுத்தால் அவளுக்கு ஆசை என்று பொருள். எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு பெண் இருக்கிறார். வங்கி வேலை முடித்து இரவு எட்டு மணிக்குத்தான் வருவார். ஒன்பதுக்கு மேல் அந்த இரண்டடியில் 7 புள்ளி, 4 வரை ஊடுபுள்ளி வைத்து மாவால் இழைப்பார். அரிசி மாவில் நனைத்த துணியை உள்ளங்கையில் பிழிய, மோதிர விரல் வழியாக இழை இறங்கும். ஈரத்தில் மங்கலாகத் தெரியும். காயக் காயத்தான் வெள்ளை எழும். காலையில் முழுதாக வெளுத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஆபீஸ் போவார். போட்டோ எடுத்து அவர் எங்கும் போடுவதில்லை.

அத்தையின் நோட்டு இப்போது அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. “அக்கா, நடுவில் ஒரு பக்கம் முடியாமலே விட்டிருக்காங்களே” என்று ஒருநாள் கேட்டார். 13 புள்ளிக் கோலம் அது, அது ஒன்று மட்டும் மையேறாமல் பென்சிலோடு நின்றுபோயிருக்கிறது. இழை இரண்டு வளையமாகவே மூடுகிறது என்றும், வலது மேல்மூலையில் எங்கோ ஒரு வளைவை மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறார். கட்டம் போட்ட தாளில் முயன்றுகொண்டிருக்கிறார்.