‘கன்டென்ட் அனுப்புங்க சார்’: படப்பைப் பட்டறைகள் வெப்சைட்டில் என்ன எழுதலாம்?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் கரசங்காலைத் தாண்டினால் படப்பை. காலை வேளையில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் வரிசைகட்டிப் போகும். அவற்றில் பெரும்பாலானவை இங்கே நிற்காது. 2010-ல் திறந்த ரெனோ-நிசான் ஆலை, 2012-ல் திறந்த டைம்லர் லாரி ஆலை, அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று பெரிய பெயர்களெல்லாம் ஒரகடம் பக்கம்தான். படப்பையில் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால் காட்சி மாறிவிடும். தகரக் கூரை ஷெட், உள்ளே கணினி இயக்கும் இரண்டு சிஎன்சி லேத், விஎம்சி என்ற மில்லிங் மெஷின் ஒன்று, வாசலில் ஒரு டாடா ஏஸ். பெரிய ஆலைக்குப் பாகம் செய்துகொடுக்கும் கம்பெனிகளுக்கு வேண்டிய ஜிக், ஃபிக்சர், பிரஸ் டூல் போன்ற கருவிகளெல்லாம் இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் போகின்றன.

இப்படி ஒரு பட்டறை வெப்சைட் வைக்க முடிவுசெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். டொமைன் வாங்கியாயிற்று. டிசைனருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஒரு வாரத்தில் மாதிரிப் பக்கமும் வந்துவிடுகிறது. அடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது: ‘கன்டென்ட் அனுப்புங்க சார்.’

வேலை அங்கேதான் நின்றுபோகிறது. ஒரு மாதம் ஆகும், மூன்று மாதமும் ஆகும். உரிமையாளர் சோம்பேறி இல்லை. காலை ஏழு மணிக்கு ஷெட்டைத் திறந்து இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் போகிறவர். எழுதுவது தன் வேலை இல்லை, அதை டிசைனர் பார்த்துக்கொள்வார் என்று அவர் நினைத்திருந்தார். டிசைனரோ அந்த ஷெட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்த வெற்றிடம் சும்மா இருப்பதில்லை. மாதிரிப் பக்கங்களில் ‘லோரம் இப்சம்’ என்று தொடங்கும் லத்தீன் வரிகள் இருக்கும். ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. 45-ல் எழுதிய நூலிலிருந்து எடுத்து, பொருள் வராதபடி சிதைத்த வரிகள் அவை. அச்சுத் தொழிலில் இடம் நிரப்ப வைத்துக்கொண்டது, கணினிக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு வெளியான வெப்சைட்டுகள் உண்டு. அதைவிட அதிகம் காணக் கிடைப்பது வேறொரு நிரப்பல்: ‘முன்னணி உற்பத்தியாளர்’, ‘தரமே எங்கள் உயிர்மூச்சு’, ‘வாடிக்கையாளர் திருப்தியே குறிக்கோள்’. ஆயிரம் பட்டறைகளுக்கு இது பொருந்தும். அதனாலேயே ஒரு பட்டறையைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, தெரிந்தவர் மூலம்தானே ஆர்டர் வருகிறது என்று கேட்கலாம். இந்தப் பகுதியின் அண்மை வரலாறே பதில் சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடும் முடிவு 2021 செப்டம்பரில் வந்தது. 2022 ஜூலையோடு கார் உற்பத்தி முடிந்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் சிறு பட்டறைக்கு இப்படி ஒரு நாள் வந்தால், தன்னைக் கேள்விப்பட்டே இராத ஒரு பர்ச்சேஸ் ஆபீசரிடம் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஓசூரிலோ புனேயிலோ உட்கார்ந்து கூகுளில் தேடும் அவருக்குத் ‘தெரிந்தவர்’ படப்பையில் யாரும் இல்லை.

அவர் எதைத் தேடுவார் என்பது உரிமையாளருக்கு ஏற்கெனவே தெரியும். புதிய வாடிக்கையாளர் போனில் பேசும் முதல் ஐந்து நிமிடத்தை நினைத்துப் பார்த்தால் போதும். என்ன மெஷின் இருக்கிறது, எவ்வளவு பெரிய ஜாப் பிடிக்கும், எந்த மெட்டீரியல் ஓட்டியிருக்கிறீர்கள், எத்தனை மைக்ரான் நிற்கும், முதல் சாம்பிள் எத்தனை நாளில், பத்துப் பீஸ் மட்டும் என்றாலும் எடுப்பீர்களா? ஒவ்வொரு முறையும் உரிமையாளர் தயங்காமல் பதில் சொல்கிறார். அந்தப் பதில்களை அவர் பேசியபடியே தாளில் இறக்கினால் வெப்சைட்டின் முக்கால்வாசி தயார். எழுத வராது என்பவர் போனிலேயே பேசிப் பதிவுசெய்து, அலுவலகத்தில் ஒருவரை எழுதிக்கொள்ளச் சொல்லலாம்.

இதில் மிக அதிகம் உழைக்க வேண்டிய பக்கம் மெஷின் பட்டியல். ‘அதிநவீன இயந்திரங்கள்’ என்ற சொல் வாங்குபவருக்கு எந்த வகையிலும் உதவாது. விஎம்சி என்றால் டேபிள் அளவு என்ன, எக்ஸ், ஒய், இசட் மூன்று பக்கமும் எவ்வளவு நகரும், எவ்வளவு எடை தாங்கும்? சிஎன்சி லேத் என்றால் சக் அளவு, பிடிக்கக்கூடிய அதிகபட்ச விட்டம், நீளம். பிரஸ் என்றால் டன்னேஜ், பெட் அளவு. வயர் கட் என்றால் எவ்வளவு உயரமுள்ள ஜாபை வெட்டும். மெஷினின் மேக், வாங்கிய ஆண்டு. இவையெல்லாம் மெஷினோடு வந்த கையேட்டிலேயே இருக்கும். அளக்கும் கருவிகளையும் விடக் கூடாது. ஹைட் கேஜ், போர் கேஜ், புரொஃபைல் புரொஜெக்டர் எது இருக்கிறது, கடைசியாக எப்போது காலிபரேஷன் ஆனது என்று எழுதியிருக்கும் பட்டறையை வாங்குபவர் வேறு மரியாதையோடு பார்ப்பார். இஎன் 8, இஎன் 24, எஸ்எஸ் 304, அலுமினியம் 6061 என்று ஓட்டிப் பழகிய மெட்டீரியல்களைப் பெயரோடு சொல்வதும் அப்படித்தான். தேடுபவர் கூகுளில் தட்டுவதும் அந்தப் பெயர்களைத்தான்.

டாலரன்ஸ், அதாவது அளவில் எவ்வளவு பிசகு வரலாம் என்ற விஷயத்தில் நேர்மை வேண்டும். ஒரு முறை ஒரு பீஸில் நின்ற 5 மைக்ரானை எழுதிவிட்டு, ஐந்நூறு பீஸ் ஆர்டரில் மாட்டிக்கொள்வதைவிட, தினமும் நிற்கும் 20 மைக்ரானை எழுதுவது மேல்.

சான்றிதழ் பற்றி எழுதும்போது பலர் சறுக்குகிறார்கள். ‘ஐஎஸ்ஓ கம்பெனி’ என்று மொட்டையாகப் போடுவது சரியில்லை. ஜெனீவாவில் உள்ள ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலைகளை வகுக்கிறதே தவிர, யாருக்கும் சான்று தருவதில்லை. சான்று தருபவை தனி நிறுவனங்கள். ஆகவே ‘ஐஎஸ்ஓ 9001:2015’ என்று எண்ணும் ஆண்டும் சேர்த்து எழுதி, சான்று தந்த நிறுவனத்தின் பெயர், எந்த வேலைக்கான சான்று, எதுவரை செல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓவின் லோகோவை எடுத்துப் போடவும் அந்த அமைப்பு அனுமதிப்பதில்லை. வாகனத் துறையில் கேட்கப்படும் ஐஏடிஎஃப் 16949 தரச் சான்று இல்லையென்றால் இல்லை என்றே விடலாம். எல்லா வேலைக்கும் அது தேவைப்படுவதில்லை.

சட்டம் கேட்கும் விவரங்களும் சில உண்டு. பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவுசெய்த கம்பெனிக்கு வெப்சைட் இருந்தால், கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன் என்ற 21 எழுத்து கொண்ட கம்பெனி அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல், கேள்வி அல்லது புகாருக்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர் இவ்வளவும் முகப்புப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது கம்பெனிகள் பதிவு விதிகளில் 26-வது விதி. ஒருவரே நடத்தும் பட்டறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணையும், சிறு தொழில்களுக்கு 2020 ஜூலை முதல் தரப்படும் உத்யம் பதிவு எண்ணையும் போட்டுவைத்தால் வாங்குபவர் தாமே சரிபார்த்துக்கொள்வார். முகவரிக்குச் சர்வே எண் மட்டும் போதாது. மெயின் ரோட்டிலிருந்து எந்தத் திருப்பம், எந்த அடையாளம், பெரிய லாரி உள்ளே வருமா என்று இரண்டு வரி எழுதினால் டிரைவரின் அரை மணி நேரம் மிஞ்சும்.

அடுத்து படங்கள். இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் ஜெர்மன் தொழிற்சாலைப் படத்தைவிட, எண்ணெய் துடைத்த சொந்த விஎம்சியின் படம் பல மடங்கு மதிப்புள்ளது. காலை வெளிச்சத்தில் ஷட்டரை முழுக்கத் திறந்துவிட்டு, போனைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுத்தால் போதும். செய்த பாகத்தைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்தால் அளவு புரியும். டிசைனருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ‘டாகுமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும்.

படத்தில் என்ன இருக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். வாடிக்கையாளரின் டிராயிங் மேசையில் விரித்தபடி கிடக்கும். பாகத்தின் மேல் பார்ட் நம்பர் பொறித்திருக்கும். இன்னும் சந்தைக்கு வராத மாடலின் பிராக்கெட் ரேக்கில் இருக்கும். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பட்டறை இதில் ஒன்றை வெளியிட்டாலும் அந்த வாடிக்கையாளரை இழக்கும். பெரிய கம்பெனிகளின் லோகோக்களை வரிசையாகப் போடும் வழக்கமும் ஆபத்தானது. எழுத்தில் அனுமதி இல்லையென்றால், ‘இரண்டு சக்கர வாகனங்களுக்கான பிரேக் பாகங்கள்’ என்று வேலையைச் சொல்லலாம், பெயரை விட்டுவிடலாம்.

மொழி? புனே வாடிக்கையாளருக்கு ஆங்கிலம் வேண்டும். ஆனால் ஆள் எடுக்க ஒரு பக்கம் இருந்தால் அது தமிழில் இருப்பதே நியாயம். ஐடிஐ முடித்துவிட்டு வேலை தேடும் பையனும் அவன் அம்மாவும் சேர்ந்து படிப்பார்கள். ஷிப்ட் நேரம், சாப்பாடு, பிஎஃப், பஸ் எங்கே நிற்கும் என்று எழுதலாம். ஆலைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் கேட்டரிங்காரர், பெண்கள் விடுதி நடத்துபவர் என்று படப்பையின் மற்ற சிறு தொழில்களுக்கும் தமிழ்ப் பக்கம் கைகொடுக்கும். கேட்டரிங் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், ஒரு வேளைக்கு எத்தனை பேருக்குச் சமைக்க முடியும், வார மெனு இவைதான் கன்டென்ட்.

எழுதியதைச் சுருக்கவும் வேண்டும். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்டவர்களில் 79 சதவீதம் பேர் இணையப் பக்கத்தைக் கண்ணால் மேய்ந்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான். நிறுவனர் வரலாறு நான்கு பத்தி மேலே இருந்து, மெஷின் பட்டியல் கீழே போனால், தேடி வந்தவர் அதுவரை இறங்காமலே போய்விடுவார்.

2017 ஜனவரியில் சுந்தர் பிச்சை டெல்லி வந்தபோது, இந்தியச் சிறு தொழில்களுக்கு மொபைலிலேயே இலவச வெப்சைட் செய்துகொள்ளும் வசதியை கூகுள் அறிவித்தது. 2024 மார்ச்சில் அதே கூகுள் அந்த வெப்சைட்டுகளை நிறுத்தியது. ஜூன் 10 வரை பழைய முகவரிக்கு வந்தவர்களைக் கடையின் கூகுள் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது, பிறகு அதுவும் இல்லை. எழுத்தையும் படத்தையும் அங்கேயே விட்டுவைத்திருந்தவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அதனால் கன்டென்ட் சேகரிக்கும் பட்டறை, டிசைனருக்கு அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக வைக்கலாம். மெஷின் பட்டியலின் தலைப்பில் தேதி இருக்கட்டும். புது மெஷின் வந்து இறங்கும் நாளில், கிரேன்காரருக்குக் கூலி கொடுத்த கையோடு அந்தத் தேதியையும் மாற்றிவிடலாம்.