கட்டுரையைத் திருத்தும் கணினி

மாணவர் எவ்வளவு கற்றனர் என்று அளந்தறிதல் ஆசிரியத் தொழிலில் கடினமான பகுதியாகும். நூறு கட்டுரைகளைத் திருத்துவோர்க்கு முதற் கட்டுரையில் இருந்த பொறுமை கடைசிக் கட்டுரையில் இருப்பதில்லை. ஒரே கட்டுரையை இருவர் திருத்தினால் புள்ளிகள் வேறுபடுகின்றன. நேரத்தை மிச்சப்படுத்தவும் இக்குறையைப் போக்கவுமே மேனாட்டார் பொறியின் துணையை நாடினர்.

முதலில் பொறியின் வசமானது, தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் தேர்வு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அறிவியல் ஆசிரியராயிருந்த ரெனால்டு ஜான்சன் என்பார், பென்சிற் கோடு மின்சாரத்தைக் கடத்தும் என்னும் உண்மையைக் கொண்டு ஒரு கருவி அமைத்தார். அதன் வழிவந்த பொறியை ஐ.பி.எம். நிறுவனம் 1938இல் வெளியிட்டது. உரிய இடத்தில் குறி இருக்கிறதா, இல்லையா? அப்பொறி அறிந்தது அவ்வளவே. அத்தேர்வுக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

கட்டுரையோ அத்தகையதன்று. இதற்கு வழி காண முயன்றவர் எல்லிஸ் பேஜ். முன்னர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த இவர், 1966இல் கனெக்டிகட் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராயிருந்தார். கட்டுரையின் அகப்பண்பு வேறு, அதன் புற அடையாளம் வேறு என இவர் பிரித்துக் கொண்டார். கருத்துத் தெளிவு அகப்பண்பு. கணினி அதனை நேரே காணாது. கட்டுரையின் நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை, சொற்களின் சராசரி நீளம் ஆகியவை புற அடையாளங்கள். இவற்றைக் கணினி நொடியில் எண்ணிவிடும். ஆசிரியர்கள் முன்பே திருத்திய கட்டுரைகளை ஆராய்ந்து, எவ்வடையாளம் எந்த அளவுக்கு அவர்கள் இட்ட புள்ளிகளோடு ஒத்துச் செல்கிறது என்று கணக்கிட்டனர். அக்கணக்கைக் கொண்டு புதிய கட்டுரைகளுக்குப் புள்ளி வழங்கினர். ஆசிரியர் ஒருவர் மற்றொருவரோடு ஒத்துப்போகும் அளவுக்கு ஏறத்தாழக் கணினியும் ஒத்துப்போயிற்று!

1999இல் இம்முறையின் வளர்ந்த வடிவமொன்று, மேலாண்மைப் பட்ட மேற்படிப்புக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வில் இடம்பெற்றது. ஒரு கட்டுரையை மனிதர் ஒருவரும் கணினியும் மதிப்பிட்டனர். இரு மதிப்பீடுகளும் பெரிதும் வேறுபட்டால் மற்றொரு மனிதர் படித்தார்.

எனினும், அடையாளம் பொருளாகிவிடுமா? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன், மாணவர் சிலரின் துணையுடன் 2014இல் ஒரு நிரல் அமைத்தார். சில சொற்களைக் கொடுத்தால் போதும். அது நீண்ட வாக்கியங்களும் அரிய சொற்களும் நிறைந்த, ஆனால் பொருளே இல்லாத ஒரு கட்டுரையை எழுதித் தரும். அதற்குத் திருத்தும் கணினி உயர்ந்த புள்ளி வழங்கியது.

காரணம் தெளிவு. கருத்தைச் சொல்ல எழுதும்போது, நன்றாக எழுதுவோரிடம் அவ்வடையாளங்கள் தாமே அமைகின்றன. புள்ளிக்காக அடையாளங்களையே தேடி எழுதினால், அவற்றுக்கும் கருத்துக்கும் இருந்த உறவு அறுந்துபோகிறது. தேர்வு எதை அளக்கிறதோ அதையே மாணவர் பயில்வர். ஆகவே இது கல்வியையே திசை திருப்பவல்லது.

தமிழுக்கு இத்தகைய எண்ணிக்கை இன்னும் பொருந்தாது. 'வந்துகொண்டிருந்தான்' என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்தெழுதுவாரும் உளர், மூன்றாகப் பிரித்தெழுதுவாரும் உளர். கருத்து ஒன்றே, சொற்கணக்கும் சொல்லின் நீளமும் மாறிவிடுகின்றன.

2022இன் இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்றவை வெறும் எண்ணிக்கையோடு நில்லாமல், கட்டுரையைப் பற்றிக் கருத்துரையும் எழுதித் தருகின்றன. ஆயினும் அவை தவறான செய்தியையும் பிழையற்ற நடையில் சொல்லக் கூடியவை. அவற்றின் தீர்ப்பையும் சரிபார்த்தே கொள்ளல் வேண்டும்.

எனவே, தெரிந்தெடுக்கும் விடைகளைத் திருத்தவும், எழுத்துப் பிழை காட்டவும், ஆசிரியர் சோர்வால் தவறவிட்ட கட்டுரையை மறுமுறை பார்க்கச் சொல்லவும் கணினி பயன்படட்டும். மாணவன் காட்டிய காரணம் அவன் எடுத்த முடிவைத் தாங்குகிறதா என்று காணும் பொறுப்பு மட்டும் ஆசிரியரிடமே இருத்தல் வேண்டும். தான் எழுதியதை ஒருவர் படித்துப் பொருள் கொள்வார் என்னும் நம்பிக்கை உள்ளவரைதான் மாணவன் பொருளோடு எழுதுவான்.